உயிர்த்தெழுதலும் ஆவிக்குரிய சரீரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சொல்கிறோம். கத்தோலிக்கத் திருப்பலியில் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்கிறார்கள். ஆனால் யாராவது நிறுத்தி "எந்த உடல்? எப்படி எழும்?" என்று கேட்டால் பலருக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. வேதபாட வகுப்புகளிலும், அடக்க ஆராதனை முடிந்து திரும்பும் வழியிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும், அப்போஸ்தலனாகிய பவுல் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் கடிதத்தின் 15-ம் அதிகாரத்தைச் சுற்றியே இருக்கும். இந்த விஷயத்தை 58 வசனங்களுக்கு வாதாடி விளக்குகிற இடம் புதிய ஏற்பாட்டில் வேறு இல்லை. வசனங்களை, நம்மில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்.

கொரிந்து சபையில் அப்படி என்ன பிரச்சினை? பவுல் ஏன் இவ்வளவு நீளமாக எழுதினார்?

12-ம் வசனத்தைப் பாருங்கள். "மரித்தோரின் உயிர்த்தெழுதலில்லையென்று உங்களில் சிலர் எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்கிறார். இயேசு உயிர்த்தெழுந்ததை அந்தச் சிலர் மறுத்ததாகத் தெரியவில்லை. அதை நம்பித்தான் சபைக்குள் வந்திருக்கிறார்கள். தங்கள் உடலும் ஒருநாள் எழும் என்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

அவர்கள் வளர்ந்த சூழலைப் பார்த்தால் அதில் ஆச்சரியமில்லை. பழைய கொரிந்து கி.மு. 146-ல் ரோமர்களால் அழிக்கப்பட்டது. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்ற நகரமாக மறுபடி நிறுவினார். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த வியாபார ஊர். எல்லாத் தத்துவமும் அங்கே வந்து இறங்கும். பிளேட்டோவின் வழி வந்தவர்களுக்கு உடல் என்பது ஆத்துமாவின் சிறைச்சாலை. சாவுதான் விடுதலை. விடுதலையான கைதியை மறுபடி சிறையில் அடைப்பதை யார் நற்செய்தி என்பார்கள்? எப்பிக்கூரர்களோ, சாவோடு ஆத்துமாவும் கலைந்துபோகிறது என்றார்கள். ரோமர்களின் கல்லறைகளில் ஒரு வாசகம் அடிக்கடி வரும்: "நான் இருக்கவில்லை, இருந்தேன், இப்போது இல்லை, கவலையுமில்லை." முழுதாகச் செதுக்கத் தேவையில்லாமல் முதலெழுத்துகளை மட்டும் வெட்டி வைத்த கற்களும் உண்டு. பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும், அவ்வளவு பழக்கமான எண்ணம் அது.

இந்த ஊரில் பவுல் கூடாரத் தொழில் செய்துகொண்டு ஒன்றரை வருஷம் தங்கியிருந்தார். அப்போது அங்கே அதிபதியாக இருந்த கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் இருப்பதால், அந்தக் காலம் ஏறக்குறைய கி.பி. 50 முதல் 52 வரை என்று கணிக்க முடிகிறது. சில வருஷங்கள் கழித்து எபேசுவிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறார். கொரிந்துக்கு வருமுன் ஏதென்ஸில் அவர் பேசியபோதும் இதே இடத்தில்தான் தடங்கல் வந்தது. மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற பேச்சு வந்ததும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் "இன்னொருவேளை கேட்போம்" என்று எழுந்துவிட்டார்கள் (அப்போஸ்தலர் 17:32).

ஆகவே பவுல் தத்துவத்தில் தொடங்காமல் சாட்சிகளில் தொடங்குகிறார். கேபா (அதாவது பேதுரு), பன்னிருவர், ஒரே வேளையில் ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு, எல்லா அப்போஸ்தலர், கடைசியாகத் தான். அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். நடந்து கால் நூற்றாண்டு ஆகியிருக்கும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்ற துணிவு அந்த வரியில் இருக்கிறது.

இயேசு எழுந்தது அவருடைய தெய்வத்தன்மையால். அதற்கும் நம் உடலுக்கும் என்ன சம்பந்தம்?

கொரிந்தியர் செய்த பிழை இதுதான் என்று நினைக்கிறேன். இயேசுவின் உயிர்த்தெழுதலைத் தனியான ஓர் அற்புதமாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பவுல் அதை "முதற்பலன்" என்கிறார் (15:20). லேவியராகமம் 23-ல் அறுப்பின் முதல் கதிர்க்கட்டை ஓய்வுநாளுக்கு மறுநாளில் ஆசாரியன் கர்த்தருக்கு முன்பாக அசைவாட்டுவான். அந்தக் கட்டு வந்துவிட்டது என்றால் வயல் முழுவதும் விளைந்து நிற்கிறது என்று பொருள். முதல் கதிரும் மீதி வயலும் ஒரே விளைச்சல்தான். அதனால்தான் பவுல் வாதத்தை இரண்டு பக்கமும் ஓட்டுகிறார். கிறிஸ்து எழுந்தார், ஆகையால் நாமும் எழுவோம். மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை, "எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா."

ஆத்துமா அழியாதது என்றுதானே கிறிஸ்தவம் சொல்கிறது? ஆத்துமா பரலோகம் போனால் போதாதா, உடல் எதற்கு?

போதாது என்பதுதான் வேதத்தின் பதில். நம் பிரசங்கங்களில் இது போதுமான அளவு சொல்லப்படுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆதியாகமத்தில் தேவன் மனுஷனை மண்ணினாலே உருவாக்கி, ஜீவசுவாசத்தை ஊதி, அவனை ஜீவாத்துமாவாக்குகிறார். மண்ணையும் அவர்தான் படைத்தார், தாம் உண்டாக்கியதை "மிகவும் நன்றாயிருந்தது" என்று பார்த்தவரும் அவர்தான். உடலைத் தவறுதலாக வந்து ஒட்டிக்கொண்ட அழுக்காக வேதம் எங்கேயும் பேசுவதில்லை. சாவாமை என்பதும் நம் சொந்தச் சொத்து அல்ல. "சாவாமையுள்ளவர்" தேவன் ஒருவரே என்கிறது 1 தீமோத்தேயு 6:16. நாமோ அதைத் "தரித்துக்கொள்ள" வேண்டியவர்கள் (1 கொரிந்தியர் 15:53). கிடைக்கப்போகிற பரிசு அது.

இன்னொன்று. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறார் பவுல். உடல் மண்ணிலேயே கிடக்க, ஆத்துமா மட்டும் தப்பித்துப் போனால் அங்கே மரணம் எப்படித் தோற்றதாகும்? பிடித்ததில் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டதே! "மரணமே! உன் கூர் எங்கே?" என்று சவால்விட வேண்டுமானால், அது விழுங்கியதை முழுவதும் கக்க வேண்டும்.

'ஆவிக்குரிய சரீரம்' என்றால் ஆவியால் ஆன உடலா? புகை மாதிரி, நிழல் மாதிரி ஒன்றா?

அதிகமாகக் கேட்கப்படுவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 44-ம் வசனம் இப்படி இருக்கிறது: "ஜென்ம சரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்." இதைப் படித்ததும், ஜென்ம சரீரம் என்றால் எலும்பும் சதையும், ஆவிக்குரிய சரீரம் என்றால் எலும்பும் சதையும் இல்லாத ஏதோ ஒன்று என்று மனசு தானாகவே பிரித்துக்கொள்கிறது.

ஆனால் இதே கடிதத்தில், 2-ம் அதிகாரத்தில், பவுல் இதே இரண்டு வார்த்தைகளை மனிதர்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஜென்மசுபாவமான மனுஷன் தேவனுடைய ஆவிக்குரியவைகளை ஏற்றுக்கொள்ளான், ஆவிக்குரியவனோ எல்லாவற்றையும் ஆராய்ந்து நிதானிக்கிறான் என்கிறார் (2:14, 15). அந்த ஆவிக்குரியவன் யார்? கொரிந்துத் தெருவில் நடந்துபோகிற, பசித்தால் சாப்பிடுகிற, கால் வலித்தால் உட்காருகிற ஒரு சாதாரண ஆள். ஆவியால் செய்யப்பட்ட ஆள் இல்லை. அவனை நடத்துகிறவர், அவனுக்குள் உயிராய் இருந்து இயக்குகிறவர் பரிசுத்த ஆவியானவர். அவ்வளவுதான் வித்தியாசம். 15-ம் அதிகாரத்திலும் அதே பொருளில் படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். இப்போதுள்ள உடல் ஆதாமிடமிருந்து வந்த உயிர்மூச்சில் ஓடுகிறது. அந்த மூச்சு ஒருநாள் நின்றுவிடும். எழப்போகும் உடல் தேவனுடைய ஆவியில் ஓடும். அது நிற்காது.

அடுத்த வசனத்தில் பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் நிறுத்துவது இதற்காகத்தான். "முந்தின மனுஷனாகிய ஆதாம் ஜீவாத்துமாவானான்… பிந்தின ஆதாம் உயிர்ப்பிக்கிற ஆவியானார்." முதலாமவன் உயிரைப் பெற்றுக்கொண்டவன். பிந்தினவர் உயிரைக் கொடுக்கிறவர். ரோமர் 8:11 இதையே இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. இயேசுவை எழுப்பினவர், உங்களில் வாசமாயிருக்கிற தம்முடைய ஆவியினாலே "சாவுக்கேதுவான உங்கள் சரீரங்களையும் உயிர்ப்பிப்பார்." எந்தச் சரீரங்கள்? சாவுக்கேதுவான, இன்று காய்ச்சலில் படுக்கிற இதே சரீரங்கள்.

பவுல் சொல்லும் விதை உவமையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். "நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே" என்கிறார். ஒரு நெல்மணியைக் கையில் வைத்துப் பார்த்தால், மஞ்சளாய், காய்ந்து, நகத்தளவுகூட இல்லாமல் இருக்கும். அதிலிருந்து எழும் பயிரில் வேர் உண்டு, தோகை உண்டு, பால் பிடித்த கதிர் உண்டு. விதையில் இது எதுவுமே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் நெல்லை விதைத்தால் நெல்தான் முளைக்கும். வேறொன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நட்டுவிட்டுப் போவதில்லை. தொடர்ச்சியும் உண்டு, நினைத்தே பார்க்க முடியாத மாற்றமும் உண்டு. உவமையின் பலம் இரண்டும் சேர்ந்திருப்பதில்தான். 42 முதல் 44 வரை வாக்கியங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள்: அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும். கனவீனமுள்ளதாய் விதைக்கப்படும், மகிமையுள்ளதாய் எழுந்திருக்கும். பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும். விதைக்கப்படுவது எதுவோ அதுவே எழுகிறது.

அப்படியானால் "மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது" என்று 50-ம் வசனம் சொல்கிறதே?

நியாயமான கேள்வி. இரண்டாம் நூற்றாண்டிலேயே இதை வைத்துப் பெரிய வழக்கு நடந்திருக்கிறது. உடல் மீட்கப்படாது என்று போதித்தவர்கள் எல்லாரும் இந்த வசனத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று லியோன் நகரத்துப் பேராயர் ஐரேனியஸ் எழுதியிருக்கிறார்.

"மாம்சமும் இரத்தமும்" என்பது யூதர்களின் பேச்சுவழக்கில், சாகக்கூடிய, தன் சொந்த பலத்தில் நிற்கிற மனிதனைக் குறிக்கும் தொடர். பேதுருவிடம் இயேசு "மாம்சமும் இரத்தமும் இதை உனக்கு வெளிப்படுத்தவில்லை" என்கிறார் (மத்தேயு 16:17). அங்கே அவர் சதையைப் பற்றியும் ரத்தத்தைப் பற்றியும் பேசவில்லை, எந்த மனிதனும் உனக்குச் சொல்லித் தரவில்லை என்கிறார். 50-ம் வசனத்தின் இரண்டாம் பாதியும் இதையே சொல்கிறது: "அழிவுள்ளது அழியாமையைச் சுதந்தரிப்பதுமில்லை." அதாவது, இந்த உடல் இப்போதிருக்கிற நிலையிலேயே உள்ளே போக முடியாது, மாற்றப்பட்டாக வேண்டும். பிறகு 53-ல் "அழிவுள்ளதாகிய இது அழியாமையைத் தரித்துக்கொள்ளவேண்டும்" என்கிறார். அந்த "இது" இல்லாமல் போவதில்லை, புதிதாக ஒன்றை உடுத்துகிறது.

உயிர்த்தெழுந்த இயேசுவின் உடல் எப்படி இருந்தது?

நம்முடைய "அற்பமான சரீரத்தைத் தம்முடைய மகிமையான சரீரத்திற்கு ஒப்பாக" மாற்றுவார் என்று பிலிப்பியர் 3:21 சொல்வதால், நமக்கு இருக்கும் ஒரே மாதிரி அவர்தான். ஆகவே சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களை மெதுவாகப் படிக்க வேண்டும்.

முதலில் கல்லறை. யோவான் 20-ல் பேதுரு உள்ளே நுழைந்து பார்க்கும்போது சீலைகள் கிடக்கின்றன. தலையில் சுற்றியிருந்த சீலை மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உடல் அங்கே இல்லை. உயிர்த்தெழுதல் என்பது சீஷர்களின் மனசுக்குள் நடந்த ஒன்றாக இருந்திருந்தால் கல்லறை காலியாகியிருக்கத் தேவையில்லை.

அப்புறம் அவர் வருகிறார். கதவுகள் பூட்டியிருக்க நடுவே வந்து நிற்கிறார். சீஷர்கள் ஓர் ஆவியைக் காண்கிறோம் என்று கலங்குகிறார்கள். லூக்கா 24-ல் அவர் சொல்லும் பதில் இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளைத் தீர்த்துவிடும். என் கைகளையும் கால்களையும் பாருங்கள், தொட்டுப்பாருங்கள், எனக்கு மாம்சமும் எலும்புகளும் இருப்பதுபோல "ஒரு ஆவிக்கு இராதே" என்கிறார். அவர்களுக்குச் சந்தோஷத்தில் நம்பவே முடியவில்லை. உடனே "புசிக்கிறதற்கு ஏதாகிலும் இங்கே உண்டா" என்று கேட்கிறார். பொரித்த மீனைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு முன்பாக வாங்கிச் சாப்பிடுகிறார். கலிலேயாக் கடற்கரையில் அவரே கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்து, விடியற்காலையில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார்.

ஆனால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள், தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் அடையாளம் கண்டுகொள்கிறாள். எம்மாவுக்கு நடந்த இருவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தும், அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் அறிந்தார்கள். உடனே அவர் மறைந்துபோனார். அதே ஆள்தான், ஆனால் இந்த உலகத்தின் கட்டுகள் அவரைக் கட்டவில்லை.

காயங்களை மறந்துவிடக்கூடாது. தோமாவிடம் "உன் விரலை இங்கே நீட்டி, என் கைகளைப் பார்" என்கிறார். மரணத்தை ஜெயித்த உடலில் ஆணித் தழும்பு எதற்கு? அந்த உடல் வேறொன்று அல்ல, சிலுவையில் தொங்கியதேதான் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. அந்தத் தோமாதான் மயிலாப்பூர் வரை வந்து உயிரைக் கொடுத்தார் என்பது நம் ஊர்ப் பாரம்பரியம்.

லாசருவும் உயிரோடு எழுந்தாரே. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. லாசரு நாலு நாளுக்குப் பிறகு எழுந்தது பழைய வாழ்க்கைக்கு. சாறிபாத் விதவையின் மகன், நாயீன் ஊர் வாலிபன், யவீருவின் மகள், தொற்காள் எல்லாருமே அப்படித்தான். லாசரு பிரேதச் சீலைகள் சுற்றிய கை கால்களோடு வெளியே வருகிறார், கட்டை வேறு யாரோ அவிழ்க்க வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறையில் சீலைகள் அங்கேயே கிடந்தன. "மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை" என்பது ரோமர் 6:9.

பழைய ஏற்பாட்டில் இந்த நம்பிக்கை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் மெல்லத்தான் வெளிச்சம் வருகிறது. "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்ற யோபுவின் குரல், மரணத்தை ஜெயமாக விழுங்குவார் என்ற ஏசாயா 25:8, மரித்தோர் பிழைப்பார்கள் என்ற ஏசாயா 26:19. எசேக்கியேல் 37-ல் வரும் உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு, சிறையிருப்பிலிருந்து இஸ்ரவேல் ஜனம் திரும்பி வருவதைக் காட்டும் தரிசனம். அதை நேரடியாகத் தனிமனிதரின் உயிர்த்தெழுதலுக்கு ஆதாரமாக எடுப்பது சரியாக இருக்காது. தெளிவான அறிவிப்பு தானியேல் 12:2-ல் வருகிறது: பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்கள் "விழித்து எழுந்திருப்பார்கள்." கத்தோலிக்கர் வாசிக்கும் 2 மக்கபேயர் 7-ல், ஏழு சகோதரர்களில் மூன்றாமவர் தன் நாவையும் கைகளையும் நீட்டி, இவற்றைக் கடவுளிடமிருந்து மீண்டும் பெறுவேன் என்று சொல்லிச் சாகிறார்.

இயேசுவின் காலத்தில் இருந்த யூத சமயப் பிரிவுகளில் பரிசேயர்கள் இதை நம்பினார்கள், சதுசேயர்கள் மறுத்தார்கள். ஏழு பேரைக் கல்யாணம் செய்த பெண்ணின் கதையைச் சொல்லி இயேசுவை மடக்கப் பார்த்தவர்கள் இந்தச் சதுசேயர்கள்தான். அவர் அவர்கள் மதித்த மோசேயின் ஆகமத்திலிருந்தே பதில் எடுத்தார். ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் மரித்தோருக்குத் தேவனல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவன்.

அப்படியென்றால் இறந்துபோன என் அம்மா இப்போது எங்கே இருக்கிறார்? கல்லறையிலா, பரலோகத்திலா?

"இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சிலுவையில் ஒரு கள்ளனிடம் சொன்னார். தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருப்பது அதிக நன்மை என்று பவுல் பிலிப்பியர் 1:23-ல் சொல்கிறார். விசுவாசத்தில் மரித்தவர்கள் கர்த்தருடைய கையில் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவும் அப்படியே. இந்த ஆறுதலை யாரும் உங்களிடமிருந்து பறிக்கக்கூடாது.

ஆனால் அது கடைசி நிறுத்தம் இல்லை. 2 கொரிந்தியர் 5-ல் பவுல், களைந்துபோடப்பட்டு வெறுமையாய் நிற்பதை விரும்பவில்லை, மேலே தரித்துக்கொள்ளவே ஏங்குகிறோம் என்கிறார். ரோமர் 8:23-ல் "நம்முடைய சரீர மீட்பு" வரும்வரை காத்திருக்கிறோம் என்கிறார். அம்மாவும் காத்திருக்கிறார், நீங்களும் காத்திருக்கிறீர்கள், அதே நாளுக்காக. இந்த இடைக்கால நிலையை நித்திரை என்று விளக்குவோர் உண்டு, உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது பரலோகத்துக்கு முன் சுத்திகரிக்கப்படும் நிலை, என்று போதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபை உண்டு, உணர்வோடு கர்த்தருடன் இருப்பது என்று சொல்லும் சபைகள் பல உண்டு. இவற்றில் வேறுபட்டாலும், உயிர்த்தெழுதலே முடிவான நம்பிக்கை என்பதில் எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள்.

அப்பாவை மின்மயானத்தில் தகனம் செய்தோம். உயிர்த்தெழுதலுக்கு அது தடையாகுமா?

ஆகாது. தயவுசெய்து அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம்.

கி.பி. 177-ல் கால் நாட்டின் (இன்றைய பிரான்ஸ்) லியோன் நகரத்தில் பல கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்களை ஆறு நாள் வெளியே போட்டு வைத்து, பிறகு எரித்து, சாம்பலைக்கூட விடாமல் ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இனி இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்பதுதான் எண்ணம். அந்தச் சபை எழுதிய கடிதத்தைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் தன் சரித்திரத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். அதே ஊருக்கு அடுத்துப் பேராயராக வந்தவர்தான் மேலே சொன்ன ஐரேனியஸ். சாம்பல்கூட மிஞ்சாதவர்களுக்காகத் துக்கித்த சபையிலிருந்துகொண்டுதான், இந்த உடலே எழும் என்று அவர் அவ்வளவு உறுதியாக எழுதினார்.

ஆதி கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்ததற்குக் காரணம் இயேசு அடக்கம்பண்ணப்பட்டதும், உடலுக்குக் காட்டும் மரியாதையும்தான். எரித்தால் தேவனால் எழுப்ப முடியாது என்று அவர்கள் நினைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் தகனத்துக்கான தடையைத் தளர்த்தியது. 2016-ல் வந்த அறிவுரை, சாம்பலைக் கரைக்கவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ வேண்டாம், புனிதமான இடத்தில் வையுங்கள் என்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் அடக்கத்தையே வலியுறுத்துகின்றன. புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் குடும்பத்தின் தீர்மானம். மண்ணில் வைத்த உடலும் சில காலத்தில் மண்ணாகத்தான் போகிறது.

கடலில் காணாமல்போனவர்களைப் பற்றியும் கேட்பார்கள். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று வெளிப்படுத்தின விசேஷம் 20:13 சொல்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமியில் உறவினர்களைப் பறிகொடுத்து, அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்காத நம் கடற்கரைக் குடும்பங்கள் இந்த வசனத்தை இறுகப் பிடித்துக்கொள்ளலாம். அது அவர்களுக்காகவும் எழுதப்பட்டது.

எந்த வயதில் எழுவோம்? ஊனத்தோடு பிறந்தவர்கள், குழந்தையாகவே இறந்தவர்கள் எப்படி?

வேதம் வயதைச் சொல்லவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதியிருக்கிறார். குழந்தைகள் எட்டியிருக்க வேண்டிய முழு வளர்ச்சியோடு எழுவார்கள், பெண்கள் பெண்களாகவே எழுவார்கள், குறைகள் நீங்கும், ஆனால் இரத்தசாட்சிகளின் தழும்புகள் அழகாகவே தெரியும் என்பது அவர் கருத்து. கருத்துதான், வேதவாக்கியம் இல்லை. ஆனாலும் இயேசுவின் கைகளைப் பார்த்துவிட்டு அவர் யோசித்திருக்கிறார் என்பது தெரிகிறது. "பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்" என்ற வரியை, பிறந்ததிலிருந்து நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு கோயிலுக்கு வரும் ஒரு தாய் கேட்பதுபோல நாம் எல்லாரும் கேட்க வேண்டும்.

ஒருவரையொருவர் அடையாளம் தெரியுமா என்றால், மரியாளுக்குத் தெரிந்தது, தோமாவுக்குத் தெரிந்தது. கல்யாணம் மட்டும் அங்கே இல்லை என்று இயேசு சொன்னார். அன்பு இல்லை என்று சொல்லவில்லை.

இது மறுபிறவி மாதிரித்தானே?

இல்லை. மறுபிறவியில் ஆத்துமா வேறொரு உடலுக்குப் போகிறது, சுழற்சி தொடர்கிறது. இங்கே அதே ஆள், அதே உடல், மாற்றப்பட்டு, ஒரே முறை. "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்கிறது எபிரெயர் 9:27.

அந்த நாளில் உயிரோடிருப்பவர்களுக்கு என்ன ஆகும்?

அவர்கள் சாகாமலே மாற்றப்படுவார்கள். "ஒரு நிமிஷத்திலே, ஒரு இமைப்பொழுதிலே" என்று 52-ம் வசனம். மரித்தவர்கள் பின்தங்கிவிடுவார்களோ என்று தெசலோனிக்கேயர் பயந்தபோது, முதலில் எழுவதே அவர்கள்தான் என்று பவுல் பதில் எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 4:16).

உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் சாவு வீட்டில் அழலாமா?

அழலாம். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார், துக்கமே கூடாது என்று எழுதவில்லை. இன்னும் சில நிமிஷத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர்விட்டார். மரணம் சத்துரு என்றால், அது வந்து போன வீட்டில் அழாமல் வேறென்ன செய்வது? அழுகிறவர்களைப் பார்த்து "விசுவாசம் இல்லையா?" என்று கேட்கிறவர்கள் யோவான் 11-ஐ இன்னொரு முறை படிக்க வேண்டும்.

எல்லாம் சரி, இதனால் இன்றைக்கு என்ன மாறப்போகிறது?

பவுலைப் பொறுத்தவரை நிறைய. உடல் எழாது என்றால் "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்" என்பதுதான் நியாயமான முடிவு என்று அவரே ஒத்துக்கொள்கிறார். 6-ம் அதிகாரத்தில் வேசித்தனத்தைக் கண்டிக்கும்போதும் இதே அஸ்திவாரத்தில்தான் நிற்கிறார். சரீரம் கர்த்தருக்குரியது, கர்த்தரும் சரீரத்திற்குரியவர், அவரை எழுப்பின தேவன் நம்மையும் எழுப்புவார். எழுப்பப்படப்போகிற உடலை எப்படி வேண்டுமானாலும் நடத்த முடியாது. நம்முடையதையும் சரி, அடுத்தவருடையதையும் சரி. நோயாளியைக் குளிப்பாட்டுவது, பசித்தவருக்குச் சோறு போடுவது எல்லாம் தேவன் தூக்கி எறியப்போகிற ஒன்றுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

எக்காளம் தொனிக்கும் வசனங்களுக்குப் பிறகு 58-ல், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று முடிக்கிறார். அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை, கடிதத்தில் இடைவெளியே கிடையாது. அடுத்த வரி எருசலேமில் கஷ்டப்படும் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணம் பற்றியது. வாரத்தின் முதல்நாளில், கர்த்தர் உயிர்த்தெழுந்த அந்த நாளில், ஒவ்வொருவரும் தங்கள் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்க வேண்டும், தான் வந்தபிறகு சேர்க்கத் தொடங்கக் கூடாது என்று கொரிந்தியருக்குச் சொல்கிறார்.